பூஜ்ஜிய ஜோடி

ஜூன் 5

குருவி,

பார்சல் வந்துச்சு. பெட்டி பதினெட்டு, எண்ணிட்டேன். பதினாறு ஆய்வுக்குக் கொடுத்தது, மிச்சம் ரெண்டு எங்களோடது. பதில் எழுதின சீட்டுக் கட்டு இருக்கு, கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருக்கு, நீ வெச்ச பிஸ்கட் இருக்கு. பிஸ்கட் மாவாயிடுச்சு. பெட்டிகளுக்கு ஒண்ணும் ஆகல.

போன் பண்ணிப் பாத்தேன்னு எழுதியிருக்க. அணைச்சு வெச்சிருக்கேன். ஏழு மாசமா எல்லாரும் ஒரே கேள்வியைக் கேக்கறாங்க, நானும் ஒரே பதிலைச் சொல்றேன். கடிதம்னா பதில் சொல்ல ரெண்டு நாள் எடுத்துக்கலாம். அதனால எழுது.

இங்க மருந்துக் கிடங்கு. பன்னெண்டு குளிர் அறை, நூத்தி நாப்பது வெப்பமானி. ஒவ்வொண்ணும் சரியாக் காட்டுதான்னு பாக்கறது என் வேலை. எல்லாத்தையும் பாத்து முடிக்க ஒரு மாசம் ஆகும். முடிச்சதும் மறுபடி ஒண்ணாம் நம்பர்லேருந்து. எனக்கு இது பிடிச்சிருக்கு. தங்கறதுக்குச் சரக்கு ஏத்தற மேடைக்கு மேல ஒரு அறை கொடுத்திருக்காங்க. இரும்புக் கட்டில், மேஜை, கெட்டில். லாரி பின்னால வந்தா ஜன்னல் கண்ணாடி அதிரும். பசிக்குது, சாப்பிடறேன். தூக்கம் வருது. அழுகை வரல, வரணும்னும் தோணல. உங்க படிப்புல இதுக்கு ஒரு பேர் இருக்கும். எனக்குச் சொல்ல வேண்டாம்.

நீ கேட்டது புரிஞ்சுது. உன் அக்கா பாதியில விட்டுட்டுப் போன ஆய்வை நீ முடிச்சு, ஆகஸ்ட் பதினாலாம் தேதி அவ பேர்லயே கொடுக்கப் போற. கடைசிப் பக்கத்துல, 'கருவிகள் சரியாக இயங்கின'ன்னு செஞ்சவன் கையெழுத்து வேணும். செஞ்சவன் நான். ஒவ்வொரு பெட்டியோட பதிவையும் இறக்கிப் பாத்துட்டுத்தான் போடுவேன். பாக்காம நான் கையெழுத்துப் போட்டது கல்யாணப் பதிவேட்டுல மட்டும்தான்.

மூணு வாரம் கொடு. சரியாத்தான் இருக்கும். நான் செஞ்சது.


ஜூன் 10

அண்ணா,

அக்கா புருஷனை அண்ணான்னு கூப்பிடறது முறைப்படி தப்புன்னு எங்க அம்மா இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. மாமான்னு கூப்பிட்டா நீங்க அந்தப் பேனாவைக் கீழ வெச்சுட்டு ஒரு பார்வை பாப்பீங்களே, அதுக்கு அண்ணாவே பரவாயில்ல. அக்காவும் ஒண்ணும் எனக்குக் கூடப் பிறந்தவ இல்ல. லேப்ல பக்கத்து மேஜை. எனக்குக் குருவின்னு பேர் வெச்சதுக்கே அவளுக்கு ஒரு தண்டனை கொடுக்கணும்னு இருந்தேன், தப்பிச்சுட்டா.

முன்னுரை எழுதி முடிச்சேன். ஒரு பத்தி அனுப்பறேன், அக்கா பேசற மாதிரி இருக்கான்னு பாருங்க:

"முப்பத்திரண்டு ஜோடிகள். கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியை ஒரு வாரம் கூடவே வெச்சுக்கணும். ஒரு நாளைக்கு ஏழு தடவை, எப்பன்னு தெரியாம, ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்துல அதிரும். பட்டனை அழுத்திட்டு ஒரு சீட்டுல மூணு கேள்விக்குப் பதில் எழுதணும். இப்ப என்ன செய்யறீங்க? மனசுல என்ன ஓடுது? இதைச் செய்யணும்னு ஞாபகம் வெச்சது யார்?"

எங்க கைடு மேடம் இதைப் படிச்சுட்டு, புத்தகத்துல பேச்சு வழக்கு கூடாதுன்னு சிவப்பு மையால அடிச்சுட்டாங்க. உங்களுக்காகப் பழையதை அனுப்பறேன்.

பெட்டி கொடுக்கறதுக்கு முன்னால எல்லாருக்கும் 'நான் எப்படிப்பட்ட ஆள்'னு ஒரு படிவம் கொடுத்தோம் இல்லையா? முப்பத்திரண்டு ஆண்கள்ல இருபத்தேழு பேர் தன்னை 'பொறுப்பானவன்'னு டிக் பண்ணியிருக்காங்க. முப்பத்திரண்டு பெண்கள்ல பத்தொன்பது பேர் 'மறதிக்காரி'. சீட்டுல பாத்தா, வீட்டுல அத்தனையையும் ஞாபகம் வெச்சிருக்கறது அந்த மறதிக்காரிங்கதான். நூறு விஷயத்தை ஞாபகம் வெச்சா நாலு விட்டுப் போகும். ரெண்டே விஷயம் வெச்சிருக்கறவருக்கு எதுவும் விட்டுப் போறதில்ல.

ஆனா மேடமுக்குப் பிடிச்சது வேற. பெண்கள் எழுதின சீட்டுல நூத்துக்கு எழுபத்தொண்ணு சமையல்கட்டுல எழுதினது. வேலைக்குப் போறவங்களையும் சேத்து. "இந்த ஒரு எண் போதும், எல்லா ஊர்லயும் பேசுவாங்க"ன்னு மேடம் தனக்குத்தானே சொல்லிக்கிட்டு வராண்டாவுல நடக்கறாங்க. அட்டைப் படத்துக்கே 71ன்னு போடலாமான்னு கேட்டாங்க. இத்தனை வருஷத்துல அவங்க சிரிச்சு நாங்க பாத்தது இது ரெண்டாவது தடவை.

சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பிஸ்கட் மறுபடி அனுப்ப மாட்டேன்.

குருவி


ஜூன் 27

குருவி,

கையெழுத்துப் போடல. காரணம் எழுதறேன், உக்காந்து படி.

பெட்டிகள் சரியான நேரத்துக்கு அதிர்ந்திருக்கு. அதுல ஒரு நொடி கூடத் தப்பு இல்ல. சூடு ஏறி இறங்கினா கடிகாரத்தோட ஓட்டம் மாறும். அதைத் திருத்தறதுக்காக உள்ள ஒரு சின்ன வெப்பமானி வெச்சிருந்தேன். அதோட பதிவும் இருக்கு, நிமிஷத்துக்கு ஒண்ணு. உங்களுக்குத் தேவைப்படாதுன்னு நினைச்சு, அதைப் பத்தி உங்ககிட்ட சொன்னதே இல்ல.

ஆண்கள் பெட்டியை எடுத்துக்கோ. காலைல எட்டு மணிக்கு 31 டிகிரி. அப்புறம் 32, 33, சாயங்காலம் வரைக்கும் அப்படியே. சட்டைப் பையில இருந்திருக்கு, அது உடம்புச் சூடு. வரைஞ்சா சமவெளி மாதிரி இருக்கு.

பெண்கள் பெட்டி அப்படி இல்ல. 26ல கிடக்கு. காலைல ஆறரைக்கு ஏற ஆரம்பிச்சு 38க்குப் போகுது. ஒன்பது மணிக்கு மெதுவா இறங்கி மறுபடி 26. மத்தியானம் ஒரு மலை, சாயங்காலம் ஒரு மலை. மனுஷ உடம்பு இப்படி ஏறி இறங்காது. அடுப்புதான் ஏறி இறங்கும். பெட்டி அவங்க உடம்புல இல்ல. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில உக்காந்திருக்கு. சில பெட்டி கைப்பையோட அடியில.

ஏன்னு புரிய எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிருக்கணும். அந்தப் பெட்டியை என் சட்டைப் பையில போட்டுப் போட்டுப் பாத்து அளவு எடுத்தேன். சரியா உக்காந்ததும் மூடியை ஒட்டிட்டேன். பெண்கள் உடுப்புல பை கிடையாது. ஒரு பெட்டியைக் கையிலயே வெச்சுக்கிட்டு எத்தனை நேரம் வேலை செய்வாங்க? எங்கயாவது வெப்பாங்க. தண்ணி படாத, குழந்தைக்கு எட்டாத, கண்ணுல படற இடமா.

அவங்க மாடியில துணி காயப் போட்டப்ப, வாசல்ல பேசிக்கிட்டிருந்தப்ப, ஆபீஸ்ல இருந்தப்ப, பெட்டி தனியா அதிர்ந்திருக்கு. சீட்டு இல்ல. அலமாரிக்குப் பக்கத்துல நின்னப்ப மட்டும் சீட்டு இருக்கு. நீங்க அளந்தது பெண்கள் எங்க இருக்காங்கன்னு இல்ல. பெட்டி எங்க இருந்துச்சுன்னு.

கணக்கு: பெண்கள் பெட்டி மொத்தம் 1568 தடவை அதிர்ந்திருக்கு. சீட்டு 957. அதுல பெட்டி உடம்போட இருந்தப்ப எழுதினது 512. அதை மட்டும் எடுத்தா சமையல்கட்டுல எழுதினது 240. நூத்துக்கு எழுபத்தொண்ணு இல்ல, நாப்பத்தேழு. அதையும் முழுசா நம்ப முடியாது, மொத்த அதிர்வுல மூணுல ஒரு பங்குதான்.

பெட்டி தப்பு. செஞ்சவன் சொல்றேன்.


ஜூலை 2

அண்ணா,

உக்காந்து படிக்கச் சொன்னீங்க. நின்னுக்கிட்டேதான் படிச்சேன், அப்புறம் உக்காரல, லேப்பைச் சுத்திச் சுத்தி நடந்தேன்.

பெண்கள் உடுப்புல பை இல்லைன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு வெப்பமானி தேவைப்பட்டிருக்கு. என்னைக் கேட்டிருந்தா ஓசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனா நானும் கேக்கல, சொல்லல. அந்தப் பெட்டியை வாங்கி வாங்கிக் கொடுத்தவ நான். "கூடவே வெச்சுக்கோங்க"ன்னு முப்பத்திரண்டு வீட்டுலயும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னவ நான். அந்த எரிச்சல் தனி, அதை நான் பாத்துக்கறேன்.

இப்ப நீங்க கேளுங்க. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கறதுன்னு சொல்லுவாங்க, நீங்க தாழியை உடைச்சுட்டு அதோட வெப்பத்தையும் அளந்து அனுப்பியிருக்கீங்க. அக்கா மூணு வருஷம் படி ஏறி இறங்கினது இதுக்கா? ஒரு வீட்டுல அந்த ஆள் "என் பொண்டாட்டி மனசுல என்ன ஓடுதுன்னு உனக்கெதுக்கு"ன்னு கதவைச் சாத்தினான். அக்கா படியில உக்காந்து செருப்பை மாட்டிக்கிட்டே, "பாரு, அவனுக்கே தெரியாது, அதான் பயம்"னு சொல்லிச் சிரிச்சா. அப்படி சேத்தது. ஆகஸ்ட் பதினாலு விட்டா, போனவங்க பேர்ல பட்டம் கொடுக்கறதுக்கு அடுத்த வருஷம் வேற குழு உக்காரும். அவங்க ஒத்துக்குவாங்களான்னு மேடமுக்கே தெரியாது. ஒரு கையெழுத்து, அண்ணா. ஒரே ஒரு கையெழுத்து.

கோபத்துல இருக்கேன், அதனால இன்னொண்ணும் சொல்லிடறேன். ஏழு மாசமா உங்க அத்தைக்குக் கண் சொட்டு மருந்து யார் வாங்கித் தர்றாங்கன்னு தெரியுமா? நான். யாரும் என்கிட்ட சொல்லல. யாரும் யாரையும் கேக்கல. அக்கா பாத்துக்கிட்டா, அக்கா இல்ல, சரி பக்கத்துல இன்னொரு பொண்ணு இருக்கா இல்ல, பாத்துக்கும். அவ்வளவுதான் கணக்கு. பொண்ணோட அம்மா அவங்க, நான் அந்தப் பொண்ணோட பக்கத்து மேஜை. மருமகன் நூத்தி நாப்பது வெப்பமானியைப் பாத்துக்கிட்டு இருக்கார். இந்த விஷயத்தை ஆராய்ச்சியே பண்றவ நான், அப்படியும் கடையில போய் நிக்கிறேன்.

நீங்க சொன்னதை மேடம்கிட்ட சொல்லல. சொல்லவும் போறதில்ல. தாளை அனுப்புங்க.

குருவி


ஜூலை 9

குருவி,

சொட்டு மருந்து விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாததுக்குக் காரணம் நான் கேக்கல, வேற ஒண்ணும் இல்ல. மருந்து பேர், கடை, எத்தனை நாளைக்கு ஒண்ணு, எல்லாம் எழுது. இனிமே நான்.

அது வேற, இது வேற. கையெழுத்துப் போட மாட்டேன்.

போன வாரம் ஏழாம் நம்பர் அறையில ஒரு வெப்பமானி நாலு டிகிரி காட்டுச்சு. உண்மையில ஒன்பது. யாரோ ஒருத்தர் போன வருஷம் பாக்காமலே 'சரி'ன்னு சீட்டு ஒட்டியிருக்கார். கெட்ட மருந்து பாக்க நல்ல மருந்து மாதிரியே இருக்கும். போட்டுக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும். அந்த அறையில இருந்த அத்தனையையும் தூக்கிப் போட்டோம். எழுபத்தொண்ணு அந்த மாதிரி ஒரு எண். பத்து வருஷம் கழிச்சு எங்கயோ ஒரு கெட்டிக்காரி 'அந்தப் பெட்டியை அவங்க எங்க வெச்சிருந்தாங்க'ன்னு கேப்பா. பதில் சொல்ல உன் அக்கா இருக்க மாட்டா. அவ பேரை அப்படி ஒரு இடத்துல நிக்க வெக்க நான் தயாரா இல்ல. பட்டம் வராட்டியும் பரவாயில்ல. நீ திட்டு, வாங்கிக்கறேன்.

ஆனா எனக்கு ஒண்ணு புரியல. பெட்டியை முதல்ல எங்க ரெண்டு பேர் மேலதான் சோதிச்சுப் பாத்தோம். ரெண்டு வாரம். பதிவேட்டுல எங்களுக்கு எண் பூஜ்ஜியம். இப்ப அவ பெட்டியையும் இறக்கிப் பாத்தேன். சமவெளி. 32, 33, 32. ஒரு மலை கூட இல்ல. தொண்ணூத்தெட்டு தடவை அதிர்ந்திருக்கு, தொண்ணூத்தெட்டு சீட்டு. ஒண்ணு கூட விடல. அதை வெச்சுத்தான் 'பெண்களுக்கும் சரியா இருக்கு'ன்னு நானும் அவளும் முடிவு பண்ணினோம்.

அவ எங்க வெச்சிருந்தா? அவ உடுப்புலயும் பை கிடையாதுன்னுதான் நினைக்கறேன். நிச்சயமாச் சொல்ல முடியல. நாலு வருஷத்துல அவ துணியை நான் மடிச்சதில்ல.

வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்கு. அலமாரி அப்படியேதான் இருக்கு. போய்ப் பாத்து எழுது. நான் போக மாட்டேன்.


ஜூலை 15

அண்ணா,

போனேன். மதியம் போனேன், வெளிச்சத்துல. சமையல்கட்டு ஜன்னல் கொக்கி கழண்டிருந்துச்சு, மாட்டினேன். அலமாரியில மேல் தட்டு உங்களோடது, கீழ ரெண்டு தட்டு அக்காவோடது.

மேல் உடுப்பு ஏழு. ஒவ்வொண்ணா எடுத்து உள்பக்கம் திருப்பினேன். ஏழுலயும் இடது பக்கம் உள்ளுக்குள்ள ஒரு பை தைச்சிருக்கா. சின்னச் சின்னத் தையல், பல்லி நடந்த மாதிரி கோணல், நம்ம அக்கா தையல்தான். நாலு பை நீலக் கோடு போட்டது. ரெண்டு சாம்பல். ஒண்ணு பழுப்பு, அதோட ஓரத்துல பேனா மை கறை.

உங்க பழைய சட்டைப் பைங்க, அண்ணா. பையை மட்டும் பிரிச்சு எடுத்திருக்கா. அந்தச் சட்டையெல்லாம் என்ன ஆச்சுன்னும் பாத்தேன். பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ, தரை துடைக்கற துணியாக் கிடக்கு. நெஞ்சுப் பக்கம் மட்டும் ஒரு சதுரம் வெளுக்காம, புதுசு மாதிரி நீலமா இருக்கு.

மாதிரிக்குச் செஞ்ச வெத்துப் பெட்டி ஒண்ணு இங்க லேப்ல கிடந்தது ஞாபகம் வந்து, எடுத்துட்டுப் போயிருந்தேன். போட்டுப் பாத்தேன். அளவெடுத்த மாதிரி உக்காருது. உக்காராம? அது உங்க சட்டைக்குத்தானே அளவெடுத்தது.

தரையில உக்காந்துட்டேன். பெட்டி வெக்க அக்காவுக்கு இடம் இல்ல. உங்ககிட்ட சொல்லல. என்கிட்ட சொல்லல. 'கருவியில் குறை'ன்னு நோட்டுல எழுதல, நோட்டை முழுக்கப் புரட்டிட்டேன். ஊசியை எடுத்தா, தைச்சா, அடுத்த வேலையைப் பாத்தா. அதனால அவ பெட்டி சரியா வேலை செஞ்சுது. அதனால எல்லாப் பெட்டியும் சரின்னு ஆயிடுச்சு. பெண்கள் செய்யற கண்ணுக்குத் தெரியாத வேலையைப் பத்தி மூணு வருஷம் எழுதினவ, தான் செஞ்சதைக் கணக்குல சேக்கல. அவ முதுகு அவளுக்குத் தெரியல. படிவத்துல அக்கா எதை டிக் பண்ணியிருந்தான்னும் பாத்தேன். மறதிக்காரி.

நேரா மேடம்கிட்ட போனேன். உங்க கடிதம், வரைபடம், நீலக் கோடு போட்ட ஒரு உடுப்பு, மூணையும் மேஜையில வெச்சேன். மேடம் உடுப்பை உள்பக்கம் திருப்பி அந்தப் பையைப் பாத்தாங்க. அப்புறம் தன்னோட இடுப்புப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பாத்துட்டு, "எனக்கும் இல்ல"ன்னாங்க. "முப்பது வருஷமா மூக்குக் கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டு, நான் மறதிக்காரின்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்."

ஆகஸ்ட் பதினாலு போச்சு. மேடம் குழுவுல போய்ச் சண்டை போட்டு டிசம்பர் பத்து வாங்கிட்டு வந்திருக்காங்க. இந்த வருஷக் குழுவே பாக்கும். அதுக்குள்ள புதுசா பன்னெண்டு ஜோடி. இந்தத் தடவை பெட்டியோட பையும் சேத்துக் கொடுக்கணும். பன்னெண்டு பை, ஆகஸ்ட் பத்துக்குள்ள. செஞ்சவர்தான் சரி பண்ணணும்னு மேடம் உத்தரவு.

நீங்க சொன்னது சரி. இதை எழுத எனக்கு ரெண்டு தாள் வீணாச்சு.

சொட்டு மருந்து விவரம் தனித் தாள்ல இருக்கு.

குருவி


ஆகஸ்ட் 4

குருவி,

பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கேன், கூடப் பன்னெண்டு பையும். எந்த உடுப்புலயும் உள்பக்கம் மாட்டற மாதிரி மேல ரெண்டு கொக்கி. முதல் பை தைக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆச்சு, பன்னெண்டாவதுக்கு இருபது நிமிஷம். மூணு பை என் சட்டையிலேருந்து பிரிச்சது. மிச்சம் கடைத் துணி. மேடைக்காரங்க எல்லாம், "சார் சட்டையில பையைக் காணோம், யாரோ பிக்பாக்கெட் அடிச்சவன் பையோட அடிச்சுட்டுப் போயிட்டான்"னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டிருக்காங்க. பேனாவைக் கையிலயே வெச்சுக்கிட்டு வேலை செய்யறேன். நாளைக்கு நாலு தடவை தொலைக்கறேன்.

பூஜ்ஜிய ஜோடியோட சீட்டையும் படிச்சு முடிச்சேன். முதல்ல என்னோடது. தொண்ணூத்தெட்டுல நாப்பத்தொண்ணு வீட்டு வேலை செஞ்சப்ப எழுதினது. பரவாயில்ல, நிறையத்தான் செஞ்சிருக்கேன். ஞாபகம் வெச்சது யார்? முப்பத்தெட்டுல 'அவ'. மனசுல என்ன ஓடுதுன்னு கேட்டதுக்குப் பாதிச் சீட்டுல 'ஒண்ணுமில்ல'ன்னு எழுதியிருக்கேன். அது உண்மை. ரெண்டு பேருக்கும் சேத்து அவ தலையில ஓடிக்கிட்டிருந்துச்சு. படிவத்துல நான் 'ஞாபகசக்தி அதிகம்'னு டிக் பண்ணியிருக்கேன். அவ அதைப் பாத்துச் சிரிச்சா. ஏன்டி சிரிக்கறன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னா.

அவ பெட்டியோட கடைசி நாளையும் இறக்கினேன். வேலைன்னு வந்தா முழுசாப் பாக்கணும்.

அன்னிக்கு அவ அதைப் போட்டிருந்தது ஆய்வுக்காக இல்ல. புது பாட்டரி எத்தனை நாள் தாங்கும்னு பாக்கறதுக்கு. பழக்கத்துல சீட்டும் எழுதுவா. காலைல எட்டு நாப்பதுக்கு எழுதின சீட்டு கட்டுல கடைசியா இருக்கு:

செய்யறது: தலை வாரறேன்.
மனசுல: அம்மா சொட்டு மருந்து நாளைக்கு முடியும். பச்சை மூடி காலைல, நீல மூடி சாயங்காலம். நீலத்தைக் குளிர்ல வெக்கணும்.
ஞாபகம் வெச்சது: நான்.

பத்து மணி வரைக்கும் 33. பத்து மணிக்கு மேல தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சுது. அப்பவும் 33தான், பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. பன்னெண்டு நாப்பதுக்கு இறங்க ஆரம்பிக்குது. 31, 29, 27. அந்த இடத்துல பேனாவை வெச்சுட்டு எழுந்து போயிட்டேன். திரும்பி வந்து உக்காந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. அது அவ இல்ல. நர்ஸ் உடுப்பு மாத்தறப்ப பெட்டியை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு என்கிட்ட கொடுத்த நேரம். ஒண்ணு பத்துக்கு மறுபடி ஏறுது. 30, 31, 32. அது நான். என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

ரெண்டு இருபத்தஞ்சுக்கு அதிர்ந்திருக்கு. ரெண்டு இருபத்தஞ்சுக்கே பட்டனும் அழுத்தியிருக்கு. அதுவும் நான்தான், ஆஸ்பத்திரி நடையில நின்னுக்கிட்டு. அவ போனது மூணு மணிக்கு. அந்த ஒரு அதிர்வுக்கு மட்டும் கட்டுல சீட்டு இல்ல.

அத்தைக்கு மருந்து நேத்து அனுப்பிட்டேன். நீலத்தை ஐஸ் பெட்டியில வெச்சு, கூட ஒரு வெப்பமானியும் வெச்சிருக்கேன். எட்டுக்கு மேல போனா மருந்தைப் போட வேண்டாம், எனக்கு எழுதச் சொல்லு. நீ இனிமே கடையில நிக்க வேண்டாம். ஏழு மாசம் நின்னதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தையில முடிச்சுக்க முடியாது. முடியாதுன்னு தெரியுது, அதையாவது எழுதறேன்.


நவம்பர் 21

அண்ணா,

முதல்ல உங்க அத்தை. "சொட்டு மருந்துக்கு வெப்பமானி வெச்சு அனுப்பற மருமகன் யார் வீட்டுலயாவது உண்டா"ன்னு மாடி முழுக்கச் சொல்லிட்டாங்க. நாலு மாசத்துல நாலு வெப்பமானி சேந்திருக்கு. வரிசையா ஜன்னல்ல வெச்சிருக்காங்க. காலைல எழுந்ததும் நாலையும் பாத்துட்டு, "மூணாவது கொஞ்சம் அதிகமாக் காட்டுது, மாப்பிள்ளைகிட்ட சொல்லு"ன்னாங்க. சொல்லிட்டேன்.

இப்ப ஆய்வு. பன்னெண்டு ஜோடி முடிஞ்சுது. பெண்கள் பெட்டி 588 தடவை அதிர்ந்துச்சு, சீட்டு 550. எல்லாம் சமவெளி, நானே வரைஞ்சேன், இப்ப எனக்கும் மலை பாத்தா அடுப்புன்னு தெரியுது. சமையல்கட்டுல எழுதினது நூத்துக்கு நாப்பத்தஞ்சு. நீங்க சொன்ன நாப்பத்தேழுக்குப் பக்கத்துலயே வந்து நிக்குது. மேடம் 71க்கு ஒரு பெருமூச்சு விட்டுட்டு அட்டைப் படத்தைக் கிழிச்சுட்டாங்க.

ஆனா இதைக் கேளுங்க. அவங்க சமையல்கட்டுல இல்லாத நேரம் முன்னால நமக்குத் தெரியவே தெரியாது, சீட்டே இல்லையே. இப்ப தெரியுது. பஸ்ல, ஆபீஸ்ல, தோழி வீட்டுல, பல் டாக்டர் நாற்காலியில. அந்தச் சீட்டுல 'மனசுல என்ன ஓடுது'ங்கற இடத்துல நூத்துக்கு அறுபத்தொண்ணு வீட்டு விஷயம். பால், பீஸ் கட்டற தேதி, மாமனார் எக்ஸ்ரே, கழண்ட ஜன்னல் கொக்கி. அதே நேரத்துல அவங்க புருஷனுங்க சீட்டுல பதினெட்டு. அக்கா ஆரம்பத்துலேருந்து சொன்னது கை எங்க இருக்குன்னு இல்ல, மனசு எங்க இருக்குன்னு. எழுபத்தொண்ணு அதை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. அது போனதும் அக்கா சொன்னது வெளிய வந்துடுச்சு.

பழைய முப்பத்திரண்டு ஜோடியையும் தூக்கிப் போடல. முதல் அத்தியாயமே இப்ப 'கருவியில் இருந்த பிழை'. பை கதை முழுக்க இருக்கு, தரை துடைக்கற துணி வரைக்கும். பூஜ்ஜிய ஜோடின்னு மட்டும்தான் போட்டிருக்கேன், பேர் இல்ல. மேடம் அதுல ஒரு வார்த்தை கூட அடிக்கல. பேச்சு வழக்கைக் கூட அடிக்கல.

டிசம்பர் பத்து, காலைல பத்தரை மணி, ரெண்டாவது மாடி. குழு கேக்கற கேள்விக்கு அக்காவுக்குப் பதிலா நான் பதில் சொல்வேன். எனக்குப் பயம் இல்ல. கருவியைப் பத்திக் கேட்டா நீங்க எழுந்து சொல்லணும்.

புதுத் தாள் வெச்சிருக்கேன். 'கருவி முதலில் தவறாக இருந்தது. தவறு எங்கே என்று கண்டு திருத்தினேன்.' இதுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?

பார்சல்ல உங்க பழைய பெட்டி இருக்கு, பாட்டரி போட்டிருக்கு. ஒரே ஒரு வெத்துச் சீட்டும் வெச்சிருக்கேன். இது ஆய்வுக்கு இல்ல. கட்டுல ஒண்ணு குறையுதுன்னு சொன்னீங்க இல்ல.

குருவி


டிசம்பர் 1

குருவி,

தாள்ல கையெழுத்துப் போட்டு உள்ள வெச்சிருக்கேன். மூணாவது வெப்பமானியை அனுப்பறதுக்கு முன்னால எடுத்த பதிவைப் பாத்தேன், நிஜமாவே அரை டிகிரி அதிகம் காட்டுது, அத்தை சொன்னது சரி. வரும்போது மாத்தறேன்.

ஒன்பதாம் தேதியே வர்றேன். வீட்டுலதான் தங்குவேன். சாவியை அத்தைகிட்ட கொடுத்து வை. போன் இப்ப ஆன்ல இருக்கு.

சீட்டும் உள்ள இருக்கு. பெட்டி நேத்து அதிர்ந்தப்ப நின்னுக்கிட்டே எழுதினது, கையெழுத்து கோணல்.

ஜோடி எண்: 0
இப்ப என்ன செய்யறீங்க: மருந்துக் கடையில வரிசையில நிக்கிறேன். முன்னால நாலு பேர்.
மனசுல என்ன ஓடுது: பச்சை மூடி காலைல, நீல மூடி சாயங்காலம். போன தடவை பச்சை ஒண்ணு கம்மியாக் கொடுத்துட்டாங்க, கேக்கணும். கிடங்குக்குத் திரும்பப் பதினஞ்சு நிமிஷம், ஐஸ் தாங்கும். அவ இதே மாதிரி எத்தனை வரிசையில நின்னிருப்பா.
இதைச் செய்யணும்னு ஞாபகம் வெச்சது யார்: நான்.